மழையே இல்லாத நாளில் வடிகால் வழியாகக் கடல் தெருவுக்கு வருகிறது. அப்புறம் கடல் சுவர் எதற்கு?

உப்புக்காற்று

வணக்கம். நான் இன்ஜினியர் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது, தெருமுனை வடிகாலின் கம்பி மூடி வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை, அவ்வப்போது ஒரு குமிழி, அவ்வளவுதான். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனேன், நாற்றம் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (செய்யக் கூடாததுதான், தெரியும்). உப்பு. கம்பி ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் குஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது, தார் ரோட்டில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு மட்டும் மிச்சம்.

இப்போது நகர நிர்வாகம் ஒரு வரைவுத் திட்டம் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. இருநூறு பக்கத்துக்கு மேல். கடற்கரை நெடுகச் சுவர், உள்ளே புதிய வடிகால்கள். 2100க்குள் கடல் 0.8 மீட்டர் உயரும் என்று வைத்துக்கொண்டு சுவருக்கு உயரம் குறித்திருக்கிறார்கள். வடிகால் அத்தியாயத்தைப் புரட்டினால் ‘50 ஆண்டு மழை’ என்று ஒரு கணக்கு இருக்கிறது, கடல் உயர்வதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கடல்தான் ஏற்கெனவே வடிகால் வழியாக வந்துவிட்டதே, சுவர் கட்டி என்ன பயன்? இந்த 0.8 எங்கிருந்து வருகிறது? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தருவார்களாம், அதில் என்ன கேட்டால் உருப்படியாக இருக்கும்?

மட்டக்கோல்

நாக்கில் வைத்துப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி ஆய்வு முடிந்துவிட்டது. வடிகால் வடிவமைப்பில் முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வில் இருக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பரவாயில்லை அல்லவா.

சுவர் வீண் என்று சொல்ல மாட்டேன். அலையைத் தடுக்கும், புயல் தள்ளிக்கொண்டு வரும் கடலையும் தடுக்கும். ஆனால் அந்தச் சுவரில் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வடிகாலும் ஒரு ஓட்டை. ஓட்டை இல்லாமலும் கட்ட முடியாது, உள்ளே பெய்கிற மழை எங்கேயாவது வெளியே போயாக வேண்டும்.

உங்கள் தெருமுனை பள்ளமான இடம் போலிருக்கிறது, அதை விட்டுக் கொஞ்சம் மேடான தெரு ஒன்றை எடுப்போம். தெரு, சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 1.6 மீட்டர். கடல் 1.5 கிலோமீட்டர் தள்ளி. வடிகாலின் சாய்வு 1500க்கு 1, அதாவது கடலைப் போய்ச் சேர்வதற்குள் 1 மீட்டர் இறக்கம். வரைபடத்தில் அழகாக இருக்கும், தண்ணீர் தானாக ஓடும். இனி ஓதம் (தினமும் கடல் ஏறி இறங்குவது) ஏறிக் கடல் +0.6இல் நிற்கிறது என்று வையுங்கள். வடிகாலின் வாய் மூழ்கிவிட்டது. அந்த நேரத்தில் அடித்தளத்துக்கு நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்த சாய்வு எதற்கும் உதவாது, தெரு மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான் தண்ணீரைத் தள்ளும். 1.6இல் 0.6 போக 1 மீட்டர். கடல் நிரந்தரமாக அரை மீட்டர் உயர்ந்தால் அந்த 1 மீட்டர் அரை மீட்டர் ஆகிறது. நிரம்பி ஓடும் குழாயில் ஓட்டம் அந்த உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகும், ஆகவே ஓட்டம் பாதியாகாது, முன்பு போனதில் ஏறக்குறைய 70 சதவீதம் போகும். சரி, சமாளிக்கலாம் என்று தோன்றும். அதே ஓதத்தின்போது புயல் வந்து கடலை இன்னும் அரை மீட்டர் ஏற்றிவிட்டால்? வித்தியாசம் பூச்சியம். தெரு விளிம்பு வரை தண்ணீர் நின்றாலும் ஒரு சொட்டு நகராது. அந்த வடிகாலை இரண்டு மடங்கு அகலமாகக் கட்டினாலும் நகராது. நான் வேலையில் இருந்த காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து ‘பெரிய வடிகால் போடு’ என்பதுதான், அது கேட்காத இடம் இது.

இதற்கு முதல் ஏற்பாடு வடிகாலின் வாயில் ஒருவழிக் கதவு. கீலில் தொங்கும் இரும்பு மடல், உள்ளே தண்ணீர் அதிகமானால் திறக்கும், வெளியே அதிகமானால் சாத்திக்கொள்ளும். எளிமையான சாமான்தான். ஆனால் கடல் தண்ணீரில் கவனிக்காமல் விட்டால் விளிம்பில் கொட்டலசு (பாறையில் ஒட்டும் சிறு ஓட்டு உயிரி) பிடித்துக்கொள்ளும், கீல் துருப்பிடித்து இறுகும், ஒரு மரத்துண்டு சிக்கினால் இரண்டு விரல் இடைவெளி போதும், கடல் உள்ளே வந்துவிடும். உங்கள் தெருவில் ஒன்று கதவே இருக்காது, இல்லாவிட்டால் சாத்தாத கதவு இருக்கும். இப்போது வாத்தின் அலகு மாதிரி ரப்பர் வால்வு வந்திருக்கிறது, அதில் கீல் கிடையாது. அதையும் ஆள் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது என்றே வைப்போம். உள்ளே பெய்கிற மழை? 1 சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்து, அதில் 80 சதவீதம் வடிகாலுக்கு வந்தால் 80,000 கன மீட்டர். கடல் இறங்க நான்கு மணி நேரம் ஆகும் என்றால், அதுவரை அந்தத் தண்ணீரை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும், ஒரு மீட்டர் ஆழத்துக்கு என்றால் 8 ஹெக்டேர் இடம். இடமில்லை என்றால் பம்ப், நொடிக்கு ஐந்தரை கன மீட்டருக்குக் குறையாமல். பாதி இதில் பாதி அதில் என்றும் செய்யலாம், பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். சிங்கப்பூரின் மரீனா பராஜ் 2008இல் திறந்தது, இந்த யோசனையின் பெரிய வடிவம்தான் அது: 9 எஃகுக் கதவுகள், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் தள்ளும் 7 பம்புகள். கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்து விடுவார்கள், உயர்ந்திருந்தால் பம்ப் ஓடும்.

பம்பை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் பம்புகள் நகரத்துக்கு உள்ளே தள்ளி இருந்தன, அவை தள்ளிய தண்ணீர் திறந்த கால்வாய்கள் வழியாக ஏரிக்குப் போனது. 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது ஏரித் தண்ணீர் அதே கால்வாய்கள் வழியாக ஊருக்குள் ஏறிவந்து கரைச் சுவர்களை உடைத்தது. தண்ணீர் வெளியே போவதற்கு வெட்டிய பாதை உள்ளே வரும் பாதையாகிவிட்டது. பிறகுதான் கால்வாய்களின் வாயிலேயே கதவும் பம்பும் கட்டினார்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது நீங்களே பிடித்த இடம்தான். சுவர் அத்தியாயத்தில் 2100 கடல் இருக்கிறது, வடிகால் அத்தியாயத்தில் இன்றைய கடல் இருக்கிறது. இரண்டையும் இரண்டு பிரிவுகள் தனித்தனியாக எழுதித் தைத்திருப்பார்கள். வேலையில் இருந்தபோது நானும் ஒரு அத்தியாயம் அப்படி எழுதிக் கொடுத்தவன்தான், ஆகவே ரொம்பக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சும்மா_ஒருத்தன்

மீன் குஞ்சு என்ன ஆயிற்று?

உப்புக்காற்று

தண்ணீர் இறங்கும்போது அதுவும் உள்ளே போய்விட்டது. எனக்கும் அதே கவலைதான், நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

கேள்விக்குறி

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். கடல் வருடத்துக்கு 4 மி.மீ. உயர்கிறது என்கிறார்கள். நெல்மணியை நிறுத்தி வைத்த உயரம்கூட வராது. அதற்காக இருநூறு பக்கத் திட்டம், மலை மாதிரிச் சுவர், ஒப்பந்தக்காரருக்குக் கொண்டாட்டம். இருக்கிற வடிகாலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் பாதிக்கு மேல் நிற்கிறது. அதை அள்ளினாலே எண்பது வருடக் கவலையில் பாதி போய்விடும். முதலில் தூர் வாருங்கள், அப்புறம் 2100ஐப் பார்க்கலாம்.

ஓதக்குறி

கேள்விக்குறி சொன்னதில் தூர் வாருவது சரி, நெல்மணி சரியில்லை. செயற்கைக்கோள் அளவை 1993இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 2 மி.மீ. சுமாராக இருந்தது, இப்போது 4ஐத் தாண்டிவிட்டது. வேகமே கூடிக்கொண்டிருக்கிறது, ஆகவே இன்றைய எண்ணை எண்பதால் பெருக்கிக் கணக்கை முடித்துவிட முடியாது.

ஓத அளவுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிற வேலை என்னுடையது, 0.8 பற்றி நான் சொல்கிறேன். ஐபிசிசியின் (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு) 2021 அறிக்கை 1995-2014 சராசரியை அடியாக வைத்துக்கொண்டு, 2100இல் உலக சராசரிக் கடல் மட்டம் பசுங்குடில் வாயு உமிழ்வு மிகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமானால் 0.63 முதல் 1.01 மீட்டர் உயரக்கூடும் என்கிறது. உங்கள் 0.8 அந்த இரண்டாவது வரம்பின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் இல்லை. ஆனால் அதே அறிக்கை, பனிப்படலங்கள் நாம் சரியாகப் புரிந்துகொள்ளாத விதத்தில் சரிந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்கிறது. வாய்ப்புக் குறைவு, ஆனால் நடந்துவிட்டால் பெரிது. ஒரு பூங்காவுக்கு 0.8 போதும், ஒரு மின் நிலையத்துக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. முழு நகரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தால் அங்கே கையை உயர்த்துங்கள்.

இன்னொன்று, இது உலக சராசரி. உங்கள் கரையில் நிலமும் இறங்கிக்கொண்டிருந்தால் அதையும் கூட்ட வேண்டும். டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சியே போன நூற்றாண்டில் சில இடங்கள் 4 மீட்டருக்கு மேல் இறங்கின, உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்திய பிறகுதான் நின்றது. வடக்கு ஜகார்த்தாவில் கடல் உயர்வதைவிட நிலம் இறங்குவது பல மடங்கு வேகம். அப்படிப்பட்ட ஊரில் ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்துவதும் வெள்ளத் தடுப்பு வேலைதான், ஆனால் அதற்குக் கல்வெட்டும் கிடையாது ரிப்பன் வெட்டும் கிடையாது என்பதால் யாரும் சீண்ட மாட்டார்கள்.

அளவுகளின் தொடக்கப் புள்ளியையும் பாருங்கள். ஓத அட்டவணையில் வரும் உயரம் மிகத் தாழ்ந்த ஓதத்தையொட்டிய ஒரு மட்டத்திலிருந்து எண்ணியது, கப்பல்காரர்களுக்காக. நில அளவை வரைபடம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணும். இரண்டு பூச்சியமும் ஒன்றில்லை. நான் பார்த்த ஒரு திட்டத்தில் அட்டவணை எண்ணை அப்படியே எடுத்து வரைபடத்தில் போட்டு, வடிகாலின் வாய்க்கு அரை மீட்டருக்கு மேல் தப்பான உயரம் கொடுத்திருந்தார்கள். கான்கிரீட் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தோம். யார் செய்தார்கள் என்பது இங்கே வேண்டாம், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

‘50 ஆண்டு மழை’ என்றால் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற விருந்தாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் 2 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். 25 வருடத்தில் ஒருமுறையாவது வருவதற்கு ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. கடல் பக்கம் இதுவே வேறு மாதிரி ஓடுகிறது: சராசரிக் கடல் மட்டம் உயர உயர, முன்பு நூறு வருடத்துக்கு ஒருமுறை எட்டிய மட்டத்தைச் சாதாரணப் பெரிய ஓதமே எட்டிவிடும். தாழ்வான பல பெருநகரங்களிலும் சிறு தீவுகளிலும் இது 2050க்குள்ளேயே ஆண்டுக்கு ஒருமுறையாகிவிடும் என்று ஐபிசிசியின் 2019 கடல் அறிக்கை சொன்னது, உமிழ்வு எவ்வளவு குறைந்தாலும். ஆகவே 2100 என்பது உண்மையில் பேச்சுக்குத்தான், உங்கள் பேரன் காலம் என்று தள்ளி வைக்கிற விஷயம் இல்லை.

மழையையும் கடலையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ‘இரண்டும் ஒரே நாளில் வர வாய்ப்பு மிகக் குறைவு’ என்று பெருக்கிப் போடுவார்கள். அது பகடை உருட்டுகிற கணக்கு. ஒரே புயல்தான் மழையையும் கொட்டுகிறது, கடலையும் தூக்குகிறது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் இயல்பு.

பம்ப்ரூம்

பெரியவர்கள் பம்ப் வைத்தால் தீர்ந்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், பம்ப் ஓட்டுகிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

புயல் அன்றைக்கு முதலில் போவது கரண்ட். ஜெனரேட்டர் இருக்கும், டீசல் எட்டு மணி நேரத்துக்கு இருக்கும். அது தீர்வதற்குள் டீசல் வண்டி வர வேண்டும், வண்டி வர வேண்டிய ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். எந்தத் தண்ணீரை இறைக்க டீசல் வேண்டுமோ அதே தண்ணீர் டீசலை வரவிடாது. நியூயார்க்கில் 2012இல் சாண்டி புயலின்போது ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டரை மேல் மாடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்ப் மட்டும் அடித்தளத்தில். அது மூழ்கியது, எண்ணெயை ஆட்களே மாடிப்படியில் சுமந்து ஏற்றினார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆச்சரியமும் வரவில்லை.

அடுத்தது குப்பை. பம்புக்கு முன்னால் கம்பித் தடுப்பு இருக்கும். ஒரு ராத்திரி தண்ணீர் உறிஞ்சும் பக்கம் மட்டம் சரசரவென்று இறங்குகிறது, வெளியே தெருவில் ஏறுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பியில் ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை அப்பிக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் குடித்துக் கல் மாதிரி ஆகிவிட்டது. நான்கு பேர் கொக்கி போட்டு இழுத்தும் வரவில்லை, கடைசியில் பம்பை நிறுத்தினால்தான் உறிஞ்சல் விட்டது. நிறுத்திய நாற்பது நிமிடத்தில் இரண்டு தெரு போய்விட்டது. மறுநாள் பேச்சு எல்லாம் பம்ப் வேலை செய்யவில்லை என்றுதான்.

மூன்று பம்ப் தேவை என்றால் நான்காவது ஒன்று சும்மா நிற்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் ‘இது ஏன் சும்மா நிற்கிறது’ என்பார்கள், அடுத்த வருடம் அதன் உதிரிப்பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போடச் சொல்வார்கள். ஆகவே உப்புக்காற்று சார், கட்டுமானச் செலவைக் கேட்காதீர்கள், பராமரிப்புக்கு வருடா வருடம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தண்ணீர் குடிப்பார் பாருங்கள்.

வரைபலகை

எல்லாரும் தண்ணீரை எப்படி வெளியே தள்ளுவது என்றே பேசுகிறீர்கள். வந்துவிட்ட தண்ணீர் எங்கே நிற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் திட்டம்தான். நகரத் திட்டமிடலில் இருக்கிறேன், ஒன்றிரண்டு சொல்கிறேன்.

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2ஆம் தேதி இரண்டு மணி நேரத்தில் 150 மி.மீ. அளவுக்குக் கொட்டியது. அடுத்த ஆண்டே ஒரு திட்டம் போட்டார்கள். எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் அதைவிடப் பெரிய மழை வரும் என்று ஒப்புக்கொண்டு, சில தெருக்களை நடுவில் பள்ளமாக்கி வாய்க்காலாக ஓடவிடுவது, சில பூங்காக்களைத் தாழ்த்தி நிரம்பவிடுவது என்று ஏறக்குறைய 300 வேலைகள், இருபது வருடத்துக்குப் பிரித்து. ரோட்டர்டாமில் 2013இல் ஒரு சதுக்கம் கட்டினார்கள், காய்ந்த நாளில் பையன்கள் பந்து விளையாடும் பள்ளம், மழையில் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. வீட்டுக்குள் வருவதற்குப் பதில் விளையாட்டுத் திடலில் நிற்கட்டும் என்பதுதான் கணக்கு.

தெருவை உயர்த்துவது பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் சுவருக்கு அடுத்து அதைத்தான் சொல்வார்கள். மயாமி பீச்சில் தாழ்வான சில தெருக்களை இரண்டு மூன்று அடி உயர்த்திப் பம்ப் வைத்தார்கள். தெரு காய்ந்தது, பக்கத்து வீடுகளும் கடைகளும் பள்ளத்துக்குள் போயின, ரோட்டுத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று சண்டை. அங்கே தரைக்கு அடியில் ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறை வேறு, சுவர் கட்டினாலும் கடல் அடியில் புகுந்து மேலே வரும். மணல் தரையிலும் ஓரளவு இதே கதைதான்: கடல் உயர்ந்தால் நிலத்தடி நீரும் கூடவே உயரும், அதற்கு ஒருவழிக் கதவு கிடையாது.

புதிதாகக் கட்டுவதை உயரமாகக் கட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபம். சிங்கப்பூர் 2011இல் கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலத்துக்குக் குறைந்தபட்ச உயரத்தை 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கியது. கட்டுமுன்பு ஒரு மீட்டர் மண், கட்டிய பிறகு அதே ஒரு மீட்டர் என்பது ஊரையே இடித்துக் கட்டுவது.

அலையாத்திக் காடு நட்டால் போதும் என்றும் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார்கள். நல்லதுதான், அலையின் வேகத்தை நூறு மீட்டருக்குள்ளேயே நன்றாக அடக்கும். ஆனால் புயல் ஏற்றிவிடும் நீர்மட்டம் வேறு, அதைக் குறைக்கக் கிலோமீட்டர் கணக்கில் அகலம் வேண்டும், கிலோமீட்டருக்குச் சில செ.மீ. முதல் அரை மீட்டர் வரைதான் குறையும். பின்னாலேயே சுவர் கட்டிவிட்டால், கடல் உயரும்போது காடு நகர இடமில்லாமல் நடுவில் நசுங்கும்.

அப்புறம் யாரும் எழுதாத ஒன்று. சுவர்க் கோடு வரைபடத்தில் எங்கே போகிறது என்று பாருங்கள். கோட்டுக்கு வெளியே யார் வீடு இருக்கிறது? சுவர் முடிகிற இடத்துக்கு அடுத்த கரையில் மணல் அரிப்பு கூடும், அங்கே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வராதவர்கள்.

கேள்விக்குறி

சரி, நெல்மணியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 0.3 ஆகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம் என்றால் எதற்குக் கட்டுவது? சின்னதாகக் கட்டினால் வீண், பெரிதாகக் கட்டினாலும் வீண்.

ஓதக்குறி

இது நல்ல கேள்வி. இன்றே எல்லாவற்றையும் முடிவு செய்யாமல் இருப்பதுதான் வழி. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே இருக்கும் வெள்ளத் தடுப்புக் கதவுகள் 1982இலிருந்து வேலை செய்கின்றன, 1953 வெள்ளத்தில் இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்த பிறகு வந்த யோசனை அது. அதற்கு அடுத்து என்ன என்பதற்கு 2012இல் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். அதில் ‘இந்த வருடம் இதைக் கட்டு’ என்று இல்லை. கடல் இத்தனை உயர்ந்தால் இது, அதற்கு மேல் போனால் அது, ஒவ்வொன்றும் கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும், ஆகவே எந்த அளவைத் தொடும்போது முடிவெடுக்க வேண்டும் என்று கிளை கிளையாகப் போகும். நடுவில் அளந்துகொண்டே இருப்பார்கள். 2023இல் திருத்தியபோது, தடுப்புக்கு மேற்புறம் ஆற்றங்கரைச் சுவர்களை உயர்த்தும் காலக்கெடுவை 2065இலிருந்து 2050க்கு இழுத்துவிட்டார்கள். எண் மாறினால் திட்டம் மாறுகிறது, இடிக்க வேண்டியது எதுவும் இல்லை.

சுவரைப் பொறுத்தவரை இதற்கு நடைமுறைப் பொருள்: இன்று அரை மீட்டருக்குக் கட்டு, ஆனால் இன்னொரு அரை மீட்டரைத் தாங்கும் அஸ்திவாரத்தைப் போடு, பின்னால் அகலப்படுத்த இடத்தை விட்டு வை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டால் வழி அடைந்துவிடும்.

மட்டக்கோல்

ஆமாம், கதவு போடுகிற பெரிய ஏற்பாடுகளுக்கும் ஆயுள் உண்டு. வெனிஸில் 78 கதவுகள், 2020 அக்டோபரில் முதல்முறையாக உண்மையான ஓதத்தைத் தடுத்தது, ஊரே கொண்டாடியது. அதே டிசம்பர் 8ஆம் தேதி, நீர் 130 செ.மீ.க்குக் கீழேதான் நிற்கும் என்று எதிர்பார்த்துக் கதவை எழுப்பவில்லை, 138 வரை வந்து ஊரின் புனித மாற்கு சதுக்கம் மூழ்கியது. கட்டினால் மட்டும் போதாது, கணிப்பும் சரியாக வர வேண்டும். கடல் உயர உயர அடிக்கடி மூட வேண்டிவரும், மூடினால் துறைமுகத்துக்குக் கப்பல் வராது, உள்ளே கழிமுகத் தண்ணீர் தேங்கும். ரோட்டர்டாமில் இருக்கிற பெரிய கதவு, 1997இல் முடித்தது, 3 மீட்டர் வரும் என்று கணித்தால்தான் மூடும். அதிக நேரம் மூடி வைக்க முடியாது, பின்னால் ரைன் ஆறு நிரம்பிக்கொண்டு வரும். உங்கள் தெரு வடிகாலின் கதைதான், அளவு மட்டும் பெரிது.

உங்கள் மூன்று நிமிடத்துக்கு வருகிறேன். பேச்செல்லாம் வேண்டாம், பக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கடலில் விழும் ஒவ்வொரு வடிகாலின் வாயும் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்தப் பூச்சியத்திலிருந்து எண்ணியது? உங்கள் 50 ஆண்டு மழை, 0.8 உயர்ந்த கடலில், உயர் ஓத நேரத்தில் பெய்தால் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று ஓட்டிப் பார்த்தீர்களா, வரைபடம் எங்கே? கணக்கை மீறி வந்தால் தண்ணீர் போக வைத்திருக்கும் இடம் எது? பம்ப்ரூம் சொன்ன பராமரிப்புப் பணம். நேரம் மிச்சமிருந்தால் சுவருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி. எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், வாயால் கேட்டது பதிவேட்டில் ‘பொதுவான ஆதரவு தெரிவித்தார்’ என்று ஆகிவிடும்.

பம்ப்ரூம்

கழிவுநீரையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலும் ஊரின் ஆகத் தாழ்ந்த மூலையில், கடல் ஓரமாகத்தான் இருக்கும். அது மூழ்கினால் அடுத்து மேன்ஹோலில் வருவது உப்புத் தண்ணீராக இருக்காது, நாக்கில் எல்லாம் வைத்துவிடாதீர்கள்.

உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் வியாழக்கிழமை நடந்தது. மட்டக்கோல் ஐயா சொன்னபடி எழுதிக்கொண்டு போனேன். வடிகால்களின் வாய் மட்டம் பற்றிக் கேட்டதும் மேடையில் இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சுவர் பகுதியை எழுதியவர் ‘அது அவர்களுடைய பகுதி’ என்றார், வடிகால் பகுதியை எழுதியவர் கடல் மட்டத்துக்கு ‘அவர்களுடைய எண்ணை’ எதிர்பார்த்ததாகச் சொன்னார். மழையையும் ஓதத்தையும் சேர்த்து ஓட்டிய வரைபடம் இல்லை. ஆறு வாரத்தில் தருவதாகக் குறித்துக்கொண்டார்கள், ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. பராமரிப்புப் பணக் கேள்விக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அமாவாசை ஓதம் என்று அட்டவணையில் பார்த்து, தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். ஏழே முக்காலுக்கு வடிகாலுக்குள் தண்ணீர் ஏறி நின்ற இடம் கம்பி மூடிக்கு 11 செ.மீ. கீழே. இந்த முறை மேலே வரவில்லை.

மட்டக்கோல்

அந்த மட்டத்தில் வடிகால் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதியும் நேரமும் எழுதுங்கள். அடுத்த பௌர்ணமிக்கும் அளந்து இங்கே போடுங்கள், ஓதக்குறி அதை அவர் பூச்சியத்துக்கு மாற்றித் தருவார். தையல் டேப் ஈரத்தில் நீளும், கடைசி அரை செ.மீ.யை நம்ப வேண்டாம்.